குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு

பால் பாக்கெட்டுகளுக்கு இடம் போதவில்லை என்று குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்த நான்கு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டிருந்தாள் ஓரகத்தி. ஒன்றோடொன்று அவை இடித்துக்கொண்ட ஓசை, விசும்பலும் பேச்சும் நிறைந்த கூடத்தைக் கடந்து, கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளின் காதில் விழுந்தது. அவள் நிமிர்ந்தாள். எத்தனையோ விடியற்காலைகளில் அவளுடைய தூக்கத்தைக் கலைத்த ஓசை அது.

கீழ்த்தட்டு ஆற்றுக்கு என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். கீரைக்கு அங்கே இடமில்லை, தயிருக்கு இடமில்லை. சாயப்பட்டறையின் கழிவுக்கு மட்டும் நிரந்தர இடமுண்டு. "ஒண்ணு இந்த வீட்டுல தயிர் இருக்கணும், இல்லேன்னா ஆறு இருக்கணும்" என்று அவள் சண்டைக்கு நின்றால், தயிர் நாளைக்கும் உறையும் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டில்களைக் கழுவப் போய்விடுவார். தெரு அவருக்குப் பாட்டில்காரர் என்று பெயர் சூட்டியிருந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் அதற்கு வேறு பொருள் கொண்டு அவளைப் பரிவோடு பார்ப்பார்கள். அவள் திருத்துவதில்லை. போதை என்று வந்துவிட்ட பிறகு சரக்கு எதுவானால் என்ன?

வாசலில் அவருடைய குழு நின்றது. ஆற்றுக் காப்புக் குழு என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தாலும், பொழுது புலருமுன் சேற்றில் இறங்கும் கால்கள் ஆறுதான்: தலைவரான அவர், செயலாளரான தையல்காரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். ஊதியம் இல்லாத பதவிகள். அதனால் போட்டியும் இல்லாத பதவிகள். இப்போது ஓட்டுநர் வாயிற்கதவு வரை போவதும், வெயிலை அண்ணாந்து பார்ப்பதும், திரும்பி வந்து சாவிக்கொத்தை உருட்டுவதுமாக இருந்தார். தையல்காரியின் கண்கள் உடலின் மேல் நின்றன, சுவர்க் கடிகாரத்துக்குத் தாவின, அடுக்களை வாசலைத் தொட்டன, மறுபடி உடலுக்கே வந்தன. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். கேட்கத்தான் எவருக்கும் நாவெழவில்லை.

சாயப்பட்டறை மழையில்தான் குழாயைத் திறக்கும். கொட்டும் மழையில் நிறம் கரைந்து போகும். குழு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் குழாய் மூடிக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக இப்படியே தோற்றுக்கொண்டிருந்தார்கள். நேற்று விடியலில் மழை பிடித்தபோது ஓட்டுநருக்குக் காய்ச்சல், தையல்காரி வெளியூரில். அவர் இவளை எழுப்பினார். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா என்று பெண் கேட்க வந்தவரைப் போலத் தயங்கிக் கேட்டார். போனாள். குழாயின் வாயிலிருந்து கருஞ்சிவப்பாக, ஆவி பறக்க, ஆறு ஒன்று ஆற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவர் பாட்டில்களை நிரப்பினார். மூடி மேல் முத்திரை ஒட்டினார். அதில் எடுத்தவர் என்று தாம் கையெழுத்திட்டு, சாட்சி என்ற இடத்தில் அவளைப் போடச் சொன்னார். கரையேறும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

மருந்துக்கடைக் கவுண்ட்டரில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். அப்போதே மருத்துவமனைக்குக் கூப்பிட்டாள். "வெறும் வாயுதான். நாளைக்கு லேப் திறந்ததும் பாட்டிலைக் குடுத்துட்டு, அப்படியே டாக்டரையும் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கூடத்துக்கு விடுமுறை. மாலையில் அவருக்கும் விடுமுறை கிடைத்துவிட்டது.

சோதனைக்கூடம் நண்பகல் வரைதான் இந்தத் தண்ணீரை ஏற்கும்; அதுவும் குளிர் விடாமல் வந்தால். முத்திரையில் கையெழுத்திட்ட கைதான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். பல கை மாறிய பாட்டில் என்று பட்டறையின் வக்கீல் ஒருமுறை இவர்களுடைய சான்றையெல்லாம் ஊதித் தள்ளிய பிறகு, அவரே வகுத்த விதி அது. கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் கூடத்தில் கிடந்தார். இன்னொருத்தி அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

சூடாகட்டும் என்று நினைத்தாள். அவரைக் கொன்ற தண்ணீர் கெட்டால் கெடட்டும். ஊரார் குடிக்கும் ஆற்றுக்கு ஊரில் ஒருவருக்கும் இல்லாத அக்கறை ஒரு மனிதருக்கு மட்டும் எதற்கு? நினைத்தாளே தவிர, உட்கார முடியவில்லை. காலை மாற்றினாள், கையைப் பிசைந்தாள், போர்வையின் ஓரத்தை நீவினாள், நீவியதையே மறுபடி நீவினாள். சாவு வீட்டில் பெண்ணுக்கு உலகம் வகுத்த இலக்கணம் எளியது: அழலாம், எழக்கூடாது, மயங்கி விழலாம், முடிவெடுக்கக்கூடாது. கட்டியவனின் அருகில் கல்லாய்ச் சமைபவளைப் பாராட்டும். அவன் பாதியில் விட்ட வேலையைக் கையில் எடுப்பவளைத் தூற்றும்.

அடுக்களையில் மூடியைத் திருகும் ஓசை கேட்டது.

எழுந்தது எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. ஓரகத்தி ஒரு பாட்டிலைக் கழுவுதொட்டியின் மேல் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"நீ ஏம்மா எழுந்து வந்தே? ஏதோ சாயத்தண்ணி, நாறுது. கொட்டிட்டுக் கழுவி வைக்கலாம்னு பாத்தேன்."

"அதைத் தொடாதீங்கக்கா."

மூடி இறுகியிருந்ததால் முத்திரை கிழியவில்லை. பாட்டிலின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். குளிர் இன்னும் இருந்தது, விடைபெறும் குளிர். நான்கையும் வாளியில் அடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவர் உடலை அணைத்து வைத்திருந்த தட்டுகளில் பனிக்கட்டிகள் உருகிக்கொண்டிருந்தன. குனிந்து, இரு கையாலும் அள்ளி, வாளியில் போட்டாள்.

கணவரின் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவனுக்கு வெச்ச ஐஸும்மா அது."

"இதுவும் அவரோடதுதான் அத்தான்."

இன்னொரு கை அள்ளினாள். அமரர் வண்டி வரும் நேரம், நாலு பேர் என்ன சொல்வார்கள், இருந்தவரைக்கும் அவன்தான் வீடு தங்கவில்லை, அவனைத் தூக்கும் அன்றாவது நீ தங்கக்கூடாதா என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வாசல் வரை வந்தார். ஓட்டுநர் அதற்குள் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தார். தையல்காரி வாளியை வாங்கக் கை நீட்டி, விதி நினைவுக்கு வந்து, கையை இழுத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் வாளியை மடியில் வைத்திருந்தாள். நெரிசலில் கார் நிற்கும்போதெல்லாம் ஓட்டுநர் ஸ்டியரிங்கை விரலால் தட்டினார். பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றது. கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மழை முடிந்து, சாயம் வடிந்து, ஒன்றுமே நடவாததுபோல் தெளிந்து, குற்றவாளிக்குச் சாதகமாக. பனிநீர் சேலையை நனைத்து முழங்காலில் இறங்கியது. அவள் வாளியை அசைக்கவில்லை.

சோதனைக்கூடத்து அலுவலர் முத்திரைகளைப் பார்த்தார். வெப்பமானியை வைத்துப் பார்த்தார். இரண்டு கையெழுத்துகளையும் படித்தார்.

"ரெண்டு பேரு போட்டிருக்கீங்க. எப்பவும் அவர்தானே வருவாரு? இன்னிக்கு வரலையா?"

தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவரால வர முடியல" என்றாள் அவள். "நான் தரலாம்ல?"

"தாராளமா" என்றார் அலுவலர். நான்கு பாட்டில்களும் உள்ளே போயின.

திரும்பியபோது வண்டி வந்து வாசலில் நின்றிருந்தது. அண்ணன் அவளைப் பார்க்காமல், வண்டிக்காரரிடம் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் வழிவிட்டார்கள். விரல்கள் விறைத்துப்போயிருந்ததால் கை கழுவ நேராக அடுக்களைக்குப் போனாள்.

ஓரகத்தி குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கீழ்த்தட்டு முழுவதும் பால் பாக்கெட்டுகள்.

"இப்பத்தான் எல்லாம் வைக்க இடம் தாராளமா இருக்கு" என்றாள், ஆறுதலாக.

அவள் குனிந்தாள். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேல்தட்டில் நெருக்கினாள். இடம் போதாததைக் கதவுப் பலகையில் நிறுத்தினாள். கடைசி ஒன்று எங்குமே அடங்கவில்லை. அதை ஓரகத்தியின் கையில் கொடுத்தாள். பிறகு ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கீழ்த்தட்டைத் துடைத்து, காலியாக விட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.