சீர்த்தட்டில் கேக்

தாமரைச்செல்வியால் அன்றைக்கு ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. மதுரை கோச்சடையில் அவளுடைய வீட்டு அடுப்படியில் குக்கர் ஒரு பக்கம், இட்லிப் பானை ஒரு பக்கம், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிரியாணிக் குண்டா ஒரு பக்கம் என்று மூன்றும் சிறுதீயில் ஏறியிருந்தன. மூன்றுக்குள்ளும் கேக் வெந்துகொண்டிருந்தது. பெரியது, நடுவாந்தரம், சின்னது என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மறுநாள் காலையில் நாகமலைக்கு அந்தப் பக்கம், தங்கை தங்கப்பொண்ணு வாழ்க்கைப்பட்ட ஊருக்குச் சீராகக் கொண்டுபோக வேண்டும். தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதும் அதே நாள்தான்.

சீர் என்றால் தாய்மாமன் சீர். சிக்கலே அங்கேதான். அக்கா தங்கை இருவருக்கும் கூடப்பிறந்த ஆண் கிடையாது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மடி கொடுத்தவருக்குத்தான் நாளைப்பின்னே அந்த வாசலில் நின்று, எங்க வீட்டுப் பொண்ணு கண்ணைக் கசக்குதே ஏன் என்று கேட்கிற உரிமை. தங்கப்பொண்ணுக்காக அப்படிக் கேட்க நாதி இல்லை என்பது அவளுடைய மாமனார் நல்லகாமனுக்குத் தெரியும், அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளை வேலை வாங்குகிற விதத்திலேயே அது தெரிந்தது. போன தடவை தாமரை போயிருந்தபோது, தங்கை சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த நாளிலிருந்து தாமரைக்கு வயிறு எரிகிறது.

காதுகுத்துக்கு நாள் குறிக்க இரு வீட்டாரும் கூடியபோது நல்லகாமன் தன் பங்குக்கு ஒரு வழி வைத்திருந்தார். இவர்களுடைய சித்தப்பா மகன் சூரியபிரகாஷ் அவனியாபுரத்தில் இருக்கிறான், முறைக்கு அவனும் மாமன்தான், அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார். சூரியபிரகாஷ் கெட்டவன் இல்லை. ஆனால் இவர்களுடைய அப்பா செத்தபோது மாலையோடு வந்து, மாலையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனவன். தங்கப்பொண்ணு எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அவனா நாளைக்கு வந்து கேள்வி கேட்கப் போகிறான்? தாமரைக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"பொறந்த வீட்டுச் சீரு யார் கொண்டு வாராகளோ அவுகதான மாமா மடி குடுக்கணும்? நான் கொண்டு வாரேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

நல்லகாமன் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "கொண்டா ஆத்தா, பாப்போம். ஊரு மெச்சுற மாதிரி இருந்தா உன்னையவே உக்கார வைப்போம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தன் ஜிமிக்கியை அழித்துக் குழந்தைக்குத் தோடு செய்தாள். பட்டுப்பாவாடை, பழம், தேங்காய் எல்லாம் சேர்த்தாள். இது எல்லா மாமனும் கொண்டுவருவதுதானே, ஊர் மெச்ச என்ன இருக்கிறது என்று யோசித்தாள். அப்போதுதான் கேக் ஞாபகம் வந்தது. மூன்றடுக்குக் கேக்கைச் சீர்த்தட்டில் வைத்து அந்த ஊருக்குள் யாரும் நடந்ததில்லை.

கேக் போடுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சனிக்கிழமைதோறும் கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறாள். 'கையைக் கடிக்காத கேக்' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறாள். அவளுடைய வகுப்பில் முதல் பாடமே ஓவன் வாங்காதீர்கள் என்பதுதான். குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டை வைத்தால் அதுவே ஓவன். அந்த உப்பை ஆறவிட்டு டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கும் ஆகும். வெண்ணெய்க்குப் பதில் வாசனையில்லாத எண்ணெய், முட்டைக்குப் பதில் தயிரும் ஆப்பச்சோடாவும். ஐசிங் சுகர் என்று தனியாகப் போய் வாங்காமல் வீட்டுச் சீனியைத் துளி சோளமாவோடு மிக்ஸியில் அடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து முனையைக் கத்தரித்தால் பூப்போடுகிற கூம்பு தயார். கல்யாணப் பத்திரிகை அட்டையில் அலுமினியத் தாளைச் சுற்றினால் கேக்குக்குப் பலகை. டம்ளரோ உழக்கோ, எதில் மைதா அளந்தாயோ அதிலேயே சீனியையும் அளக்க வேண்டும், நடுவில் பாத்திரம் மாறினால் போச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வாள். மூடியைத் திறக்காதே. வாசனை வந்து பத்து நிமிடம் ஆகிற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதே என்று அதட்டுவாள்.

அன்றைக்கு அவளே திறந்தாள். நிலைகொள்ளாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, நெஞ்சு பொறுக்காமல் இட்லிப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். குண்டென்று எழும்பியிருந்த கேக் அவள் கண்ணெதிரே நடுவில் அமுங்கியது. தலையில் அடித்துக்கொண்டாள். மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்தாள். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற டீச்சரம்மா லட்சணம் இதுதான்.

நல்லவேளை, அதற்கும் அவளிடம் வைத்தியம் இருந்தது. பெரிய கேக்கின் மேடான தலையைச் சீவி, அந்தச் சீவலைக் கையால் உதிர்த்து, துளி ஜாமோடு பிசைந்து, உச்சிக்குப் போகிற சின்னக் கேக்கின் பள்ளத்தை அடைத்தாள். மேலே பூசிவிட்டால் எவனுக்கும் தெரியாது. அடுக்கு சாயாமல் இருக்கத் தடித்த ஜூஸ் குழாய்களை அளவாக வெட்டி நடுவில் சொருகினாள்.

பூச்சு விஷயத்தில்தான் அவள் புத்தி கெட்டுப்போனது. மதுரை வெயிலுக்கு டால்டாவும் சீனித்தூளும் சேர்த்து அடித்த பூச்சுதான் நிற்கும். செலவும் குறைவு, வெயிலுக்கும் அசையாது. அவளே நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. ஆனால் ஃப்ரிட்ஜில் விப்பிங் கிரீம் வாங்கி வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரன் சங்கிலி குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். ஃப்ரிட்ஜைத் திறந்தவன் அதைப் பார்த்துவிட்டான்.

"உன் கிளாஸ்ல டால்டானுதான சொல்லுவ?"

"சீருல டால்டா பூசிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? இம்புட்டு செஞ்சும் கடைசில டால்டாக் கேக்கு கொண்டாந்தானு ஒரு பேச்சு வரும். எனக்கு வேணாம்."

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குத் தெரியும், ரோஷம் வந்தால் அவளிடம் டால்டாவைப் பற்றிப் பேச முடியாது.

மறுநாள் காலையில் ஐஸ் கட்டிமேல் சட்டியை வைத்துக் கிரீமை அடித்தாள். தும்பைப்பூ நிறத்தில் கேக் எழுந்து நின்றபோது அவளுக்கே பெருமை தாங்கவில்லை. குட்டியானையின் பின்னால் ஈரச்சாக்கை விரித்து, நடுவில் கேக்கை வைத்து, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் சங்கிலியைப் பாடாய்ப் படுத்தினாள். மேடு பள்ளம் வந்தால் மெதுவாப் போங்க என்று கத்தினாள். மெதுவாகப் போனால், வெயில் ஏறுது, உருட்டிக்கிட்டே இருக்கீங்களே என்று கத்தினாள். அவன் இரண்டுக்கும் தலையை ஆட்டினான்.

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. சீர் வண்டியில் ஊருக்குள் போகக்கூடாது, மேளத்தோடு நடந்துதான் போக வேண்டும். காதுகுத்து நடக்கிற கோயில் கூப்பிடு தூரம்தான். ஆனால் நல்லகாமன் அவனையும் அழைத்திருக்க வேண்டும், அவளுக்கு முன்னால் சூரியபிரகாஷ் வந்துவிட்டிருந்தான். பெரிய ஃப்ளெக்ஸில் கூலிங்கிளாஸும் ஜல்லிக்கட்டுக் காளையுமாக 'தாய்மாமன்' என்று சிரித்துக்கொண்டிருந்தான். கீழே நிஜமான சூரியபிரகாஷ் ஒரு மேளக்கூட்டம், வெடிக்கட்டு, நாலு பழத்தட்டு, ஆடுகிற கூட்டாளிகள் சகிதம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றான். அவர்கள் ஓர் அடி வைத்தால் ஓரிடத்தில் நின்று ஆடினார்கள். மறுபடி ஓர் அடி, மறுபடி ஆட்டம்.

தாமரை கேக்குத் தட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் நின்றாள். சங்கிலி குடையைக் கேக்குக்குப் பிடித்தான், அவள் தலையில் வெயில் அடித்தது. ரோட்டை அகலப்படுத்த மரத்தையெல்லாம் வெட்டியிருந்தார்கள், ஒதுங்க நிழல் இல்லை. கொஞ்சம் வழி விடுங்கப்பா என்று கெஞ்சினாள், மேளத்தில் யாருக்குக் கேட்கிறது? ஓரமாக நுழைந்து முந்தப் பார்த்தபோது பெரியவர் ஒருவர் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். முன்னால் போகிற சீரைப் பின்னால் வருகிற சீர் தாண்டக்கூடாதாம், குழந்தைக்கு ஆகாதாம். குழந்தைக்கு ஆகாது என்றதும் அவள் பின்வாங்கிவிட்டாள்.

கால் தரித்து நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே மாற்றி மாற்றி மிதித்தாள். உச்சியில் வைத்திருந்த கிரீம் ரோஜா முதலில் சரிந்தது. அப்புறம் பக்கவாட்டுப் பூச்சு மெல்ல இறங்கித் தட்டில் தேங்கி, விளிம்பு தாண்டி அவள் மணிக்கட்டில் வடிந்து, முழங்கை வழியாகப் பட்டுச் சேலையில் சொட்டியது. மேலடுக்கு நழுவப் பார்த்தபோது கன்னத்தால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நடந்தாள். டால்டாவைப் பூசியிருந்தால் பாறாங்கல்லாக நின்றிருக்கும். யாருடைய வாய்க்குப் பயந்து இதைச் செய்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது தட்டில் இருந்தது சீர் மாதிரியே இல்லை. பழுப்பு நிறக் கேக் திட்டுத் திட்டாகத் தெரிய, ஜாம் அடைத்த பள்ளமும் வெளியே வந்துவிட்டது. இதென்ன, பஞ்சாமிர்தமா என்று ஒரு பெண் கேட்க, பந்தல் முழுக்கச் சிரித்தது. உள்ளே சூரியபிரகாஷ் மணையில் உட்கார்ந்தாகிவிட்டது. மடியில் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவன் விழித்துக்கொண்டிருந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நல்லகாமன் எழுந்து வந்தார். தட்டைப் பார்த்தார், அவள் கன்னத்தைப் பார்த்தார். "ஏத்தா, சீரு வார வழியிலயே உருகிருச்சே. சரி, வச்சிட்டுப் போய்ப் பந்தில உக்காரு" என்றார். குரலில் கேலிகூட இல்லை, முடிந்துபோன காரியத்தைச் சொல்கிற குரல். தாமரை தட்டைக் கோயில் படியில் வைத்தாள். அதற்குள் ஊர்ப் பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டு விரலால் வழித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். அவள் போய்விடலாம் என்றுதான் திரும்பினாள்.

அப்போது தங்கப்பொண்ணு எழுந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் திண்ணமாக ஒலித்து யாரும் கேட்டதில்லை. நேராக மணைக்குப் போனாள், குனிந்தாள், சூரியபிரகாஷ் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். மேளம் அடித்தவன் குச்சியை நிறுத்திவிட்டான்.

"என்ன புள்ள பண்ற?" என்றார் நல்லகாமன்.

"சீருதான் மாமா உருகிருச்சு. கொண்டாந்தவ நிக்கிறாள்ல" என்றாள் தங்கப்பொண்ணு. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரில இவ பொறந்தப்ப வாங்குன மொதக் கை எங்கக்கா கை. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப வந்து பாத்தது எங்கக்கா. இன்னைக்கு வேற ஆளு மடில வச்சா, நாளைக்கு எனக்கு ஒண்ணுனா நான் யாரைப் போய்க் கூப்பிடுவேன்? நீங்களே சொல்லுங்க."

நல்லகாமன் மீசைக்குக் கொண்டுபோன கையைப் பாதியில் இறக்கினார். மருமகள் எனக்கு ஒண்ணுனா என்று சொன்னது பந்தலில் அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. அது அவர் வீட்டைப் பற்றிய பேச்சு. பெண்கள் இப்போது தாமரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். அவர் சூரியபிரகாஷ் பக்கம் திரும்பி, "எந்திரி மாப்ள" என்றார்.

சூரியபிரகாஷ் துள்ளிக் குதித்து எழுந்தான். தலை தப்பியது என்கிற மாதிரி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நீயே உக்காருக்கா, எனக்கு இந்தப் புள்ள அழுகுறதப் பாத்தாலே பயமா இருக்கு" என்றான்.

தாமரை தன் கையைப் பார்த்தாள். கையெல்லாம் கிரீம். பிள்ளையைத் தொடக்கூட முடியாது. முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே போய் மணையில் உட்கார்ந்தாள். தங்கப்பொண்ணு பிள்ளையை அவள் மடியில் இறக்கினாள். அழுது சிவந்த அந்த முகம் இவளை ஏறிட்டுப் பார்த்து, தெரிந்த ஆள்தான் என்று கொஞ்சம் அடங்கியது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரும் அங்கேயே கதறியிருப்பார்கள்.

சங்கிலி, ஜிமிக்கியை அழித்துச் செய்த தோட்டை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தான். ஆசாரிக்கு இந்தச் சண்டையில் எல்லாம் கவனம் கிடையாது. நாள் முழுக்கப் பிள்ளைகளின் காதை மட்டுமே பார்க்கிறவர். கண்ணாடியை மூக்கில் இறக்கி, பிஞ்சுக் காதில் மையால் பொட்டு வைத்து, குனிந்த தலை நிமிராமல் எப்போதும் சொல்வதையே சொன்னார்.

"தாய்மாமன், தலையை ஆடாமப் பிடிச்சுக்கங்க."

தாமரை பிள்ளையின் தலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள்.

"பிடிச்சிருக்கேன் ஆசாரி. குத்துங்க" என்றாள்.