அத்தானுக்குப் பத்துப் பல்

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் நான் தினமும் இருபது வாயைப் பார்க்கிறேன். என் அக்கா புருஷனின் வாயைப் போல எதுவும் எனக்கு எரிச்சல் மூட்டியதில்லை. பற்களில் குறை சொல்ல முடியாது. பேச்சுதான் சகிக்காது.

அத்தான் கார் விற்கும் கடையில் விற்பனையாளர். மேலாளர் பதவி காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டதும், தனக்கு இத்தனை நாள் பதவி உயர்வு வராததற்குப் பல்தான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் வள்ளென்று விழுந்தது காரணமில்லையாம்.

புதுச் சிரிப்பைத் தேர்ந்தெடுக்க வந்த அன்று, அக்காவையும் கூட்டி வந்தார். அவளுக்கு ஒரு மாதமாகக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்தில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அக்காவையும் ஒரு தடவ பாத்துடலாமே அத்தான்" என்றேன்.

"அது சும்மா பல் கூச்சம். உப்புத் தண்ணி கொப்புளிச்சா ஓடிடும். நீ மொதல்ல என் வேலயப் பாரு."

பெரிய டாக்டரம்மா அவர் வாயை நிதானமாகச் சோதித்தார். "ஒரு பல்லு மட்டும் லேசா உடைஞ்சிருக்கு. அத சரிபண்ணிட்டு மத்தத வெளுப்பாக்கினாலே போதும். பீங்கான் தகடு ஒட்டணும்னா நல்ல பல்ல ராவணும். ராவினது திரும்ப வளராது."

"மேல பத்துப் பல்லுக்கும் ஒட்டிடுங்க" என்றார் அத்தான், சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொல்வதுபோல.

நிற மாதிரி அட்டையை நீட்டினேன். அதன் கோடியில் இருப்பது கழுவுதொட்டியின் வெள்ளை. எங்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அத்தான் நேராக அதில்தான் விரலை வைத்தார். டாக்டரம்மா இரண்டு முறை வேண்டாமென்றார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

தற்காலிகப் பூச்சுப் பூசி, எப்படி வருமென்று காட்டினோம். மனிதர் கைக்கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. நேராகச் சிரித்தார், பக்கவாட்டில் சிரித்தார், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"எப்படிடி இருக்கு?"

அக்கா நன்றாகப் பார்த்தாள். "பல்லு மொதல்ல வருது. நீங்க பின்னாடி வர்றீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உன்னப் போய்க் கேட்டேன் பாரு!" என்று அத்தான் சீறினார். அந்தப் பல்லோடு சீறியதைப் பார்க்க, விளம்பரப் பலகைக்குக் கோபம் வந்ததுபோல இருந்தது.

அடுத்த வாரம் பல்லை ராவும் நாள். இரண்டு கன்னத்தையும் இழுத்துப் பிடிக்கும் வளையத்தை மாட்டி, டாக்டரம்மா வேலையைத் தொடங்கினார். வெளியே வந்து பார்த்தால், கூட வந்திருந்த அக்காவின் கன்னம் உப்பியிருந்தது. உள்ளே அத்தானுக்குப் பக்கத்துச் சிகிச்சை நாற்காலி காலி. சின்ன டாக்டர் சும்மாதான் நின்றிருந்தார்.

"வாக்கா, வந்து உக்காரு."

"அவர ஒரு வார்த்த கேக்காம எப்படிடி?"

"அவ்வளவுதானே?" அவளை உள்ளே கூட்டிப் போனேன். "அத்தான், அக்காவோட பல்லையும் பாத்துடலாமா?"

"ஆங்... ங்ஙா! ங்ஙா!" கண்ணை உருட்டினார், கையை ஆட்டினார்.

"அசையாதீங்க, மிஷின் ஓடுது" என்று டாக்டரம்மா அதட்டினார்.

"சரிங்கறாருக்கா" என்றேன்.

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும்டி" என்று சொல்லிக்கொண்டே போய் நாற்காலியில் சாய்ந்தாள்.

பல்லைத் திறந்ததும் சீழ் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தாடைக்கு இறங்கியிருக்கும் என்றார் சின்ன டாக்டர். பக்கத்து நாற்காலியில் ங்ஙா நின்றுவிட்டது. வெட்கத்தினால் என்று யாரும் நினைக்க வேண்டாம். மரத்துப்போகும் ஊசி உதடு வரைக்கும் ஏறியிருந்தது.

அக்கா அதன்பின் மூன்று தடவை தனியாகவே வந்து வேர் சிகிச்சையை முடித்துக்கொண்டாள். இப்போது இரண்டு பக்கமும் மெல்கிறாள்.

அத்தான் பத்துப் பல்லோடு நேர்காணலுக்குப் போனார். பதவி வேறு கிளைக்காரர் ஒருவருக்குப் போனது. கடையில் இவருக்கு 'ட்யூப்லைட்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அதையும் பாராட்டு என்று நினைத்து வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்.

போன திங்கட்கிழமை மறுபடி வந்து நின்றார்.

"மேல் வரிசை மட்டும் பளிச்சுனு இருக்கறதுதான் பிரச்சினை. கீழயும் பத்து போட்டுடலாம். எப்ப வரட்டும்?"

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மறுபடி எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அத்தான் சுவர்க் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை, பத்து மணி என்று எழுதிக் கொடுத்தேன்.