கோட்டுக்கு அந்தப் பக்கம் யோஹென்

காலையில் கடையைத் திறந்ததும் கெர்லிண்ட் முதல் வேலையாக அலமாரியிலிருந்த கண்ணாடிக் கோப்பைகளைத் தரையில் இறக்கி வைத்தாள். வாசலில் நின்ற அமெரிக்க டாங்கி உறுமும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசி நடுங்கின. தெருவின் மறுகோடியில், கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரிக்கும் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால், நேற்று மாலை வந்த ரஷ்ய டாங்கிகள் இந்தப் பக்கம் பார்த்து நின்றன. யார் முதலில் சுடப்போகிறார்களோ என்று பெர்லின் முழுவதும் வானொலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

காபி குடிக்க வந்தது டாக்சிக்கார ஆஸ்கர் மட்டும்தான்.

"கடைய மூடலயா நீ?"

"மூடிட்டு எங்க போறது?"

"அதுவும் சரிதான். நல்லா ஸ்ட்ராங்கா போடு. இதுவே கடைசிக் காபியா இருந்தா, தண்ணிக் காபி குடிச்சிட்டுச் செத்தான்னு பேராயிடும்." சிரித்தவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். சிரிப்பு பாதியில் நின்றது. "கெர்லிண்ட், இங்க வா. கோட்டுக்கு அந்தப் பக்கம் போலீஸ் வரிசையில ஓரமா நிக்கிறது உன் தம்பியா?"

யோஹென்தான். ஆகஸ்டில் கிழக்குக்காரர்கள் நகரின் குறுக்கே முள்வேலி போட்ட பிறகு அவனைப் பார்க்கவே இல்லை. கிழக்குப் போலீஸ்காரனுக்கு மேற்கிலிருந்து கடிதம் போனால் அவன் தலைக்குத்தான் ஆபத்து என்று அவள் எழுதவும் இல்லை. செப்டம்பரில் அம்மா இறந்துபோனாள். கடைசி நாட்களில் கெர்லிண்டையே யோஹென் என்று கூப்பிட்டாள். அவளும் அவனாகவே பதில் சொன்னாள். பிள்ளை வராமலே அடக்கம் முடிந்தது. இது எதுவும் அவனுக்குத் தெரியாது. சொல்லாமல் வைத்திருப்பது, அவனிடமிருந்து எதையோ திருடி ஒளித்து வைத்திருப்பதுபோல அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏப்ரனைக் கழற்றக்கூடத் தோன்றாமல் இறங்கி நடந்தாள். டாங்கியைக் கடக்கும்போதுதான் அதன் பீரங்கிக் குழல் நீண்டிருந்த திசையைப் பார்த்தாள். அது நேராக அந்தப் போலீஸ் வரிசையைப் பார்த்திருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நேற்று அவள் கடையில் ரொட்டியும் இறைச்சியும் வாங்கித் தின்றவன். அவளைப் பார்த்துக் கையசைத்தான்.

கோட்டருகே மேற்குப் போலீஸ்காரர் ஒருவர் மறித்தார். "அதுக்கு மேல போகாதீங்கம்மா."

"அங்க நிக்கிறது என் தம்பி சார். ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

அவர் எதிர்ப்பக்க வரிசையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலைந்து எட்டு தூரத்தில் யோஹென். தொப்பி வார் தாடையில் அழுந்தியிருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவளைப் பார்த்தும் பாராதவன்போல நின்றான். அம்மா போயிட்டாங்கடா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தபோது பின்னால் எஞ்சின் உறுமியது. அவன் கண்கள் அவள் தோளுக்கு மேலே, அந்தக் குழலுக்குத் தாவின. சின்ன வயதில் இடி இடிக்கும்போது போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பானே, அதே கண்கள்.

"அம்மா நல்லா இருக்காங்க யோஹென்," என்றாள். "உன்னத்தான் எப்பவும் கேட்டுட்டே இருக்காங்க."

அவன் முகத்தில் ஏதோ தளர்ந்தது. பேசக்கூடாது, பக்கத்தில் அதிகாரி நின்றிருந்தார். தலையைத் திருப்பாமல், உதடு மட்டும் அசையப் பேசினான்.

"அக்கா, அம்மாவக் கூட்டிட்டு இப்பவே இந்தத் தெருவ விட்டுப் போயிடு. மத்தியானத்துக்குள்ள."

"ஏண்டா? என்ன நடக்கப்போகுது?"

அதிகாரி திரும்பினார். யோஹெனின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் அழைத்துப் போனார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வரிசையில் அவன் நின்ற இடத்தை யாரும் வந்து நிரப்பவில்லை. அந்த இடைவெளி வழியே ரஷ்ய டாங்கி ஒன்று முழுசாகத் தெரிந்தது. மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்ற சிப்பாய் காதில் மாட்டியிருந்ததை ஒரு கையால் அழுத்தி எதையோ கேட்டான். தலையை ஆட்டினான். பிறகு உள்ளே இறங்கி, இரும்பு மூடியைத் தலைக்கு மேல் இழுத்துச் சாத்திக்கொண்டான்.