ஏழாவது கம்பம்

"எண்ணிக்கை தப்பிட்டா என்ன பண்ணுவீங்க தாத்தா?"

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருநாள் கேட்டின் கம்பிகளில் ஏறித் தொங்கிக்கொண்டு கேட்ட கேள்வி அது. சர்க்கரை நோயில் இரண்டு கண்களும் போய் மூன்று வருடமாகியிருந்த டிரைவர், கைப்பிடிக் குழாயின் மேல் இடது கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வீட்டுப் படியிலிருந்து கேட் வரை, பக்கத்துச் சந்தின் ஓரமாக, இடுப்பளவு உயரத்தில் ஒரு வலைவேலி. அதன் உட்புறமாக அந்தக் குழாய். வேலியைத் தாங்கி ஒன்பது கம்பங்கள். ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு ஸ்டாப். தினமும் காலையில் ஒன்பது ஸ்டாப்பையும் எண்ணிக்கொண்டே போய், கேட் ஓரத்துச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் டிக்கெட் கேட்டு வம்பு பண்ணுவார். அவருடைய நாளில் மற்றவர் உதவி இல்லாமல் நடக்கும் காரியம் அது ஒன்றுதான்.

"தப்பிட்டா டெப்போவுக்குத் திரும்பிட வேண்டியதுதான்" என்று அவர் சிரித்துச் சமாளித்தார். ஆனால் உண்மையிலேயே எண்ணிக்கை இப்போதெல்லாம் தப்பத்தான் செய்தது. சமையலறை ஜன்னலிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு அது தெரியும். வேலி முழுக்க வாசனைக் கொடி ஏற்றிவிட்டால், எண்ணிக்கை தப்பினாலும் கேட் வரை மூக்கே வழி சொல்லிவிடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

அவள் லைசென்ஸ் அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் சூப்பரண்டம்மா. புருஷனுக்கும் சூப்பரண்டுதான். நாள் தவறாமல் பிரார்த்தனை செய்கிறவள், பொய் சொல்லாதவள், யாரிடமும் ஒரு துரும்பு இனாமாக வாங்காதவள். ஆனால் கையால் வேலை செய்து பிழைக்கிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. அவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுக்காரர்கள். மீதிப் பேர் ஏமாற்றக்கூடத் துப்பில்லாதவர்கள்.

தோட்ட வேலைக்கு வந்த இருவரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். பெரிய மச்சான் தொந்தியும் வாயுமாக இருந்தான். சின்ன மச்சான் ஒல்லி. வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும் போலிருந்தது. சூப்பரண்டம்மா ஜன்னல் கம்பிக்கு உள்ளே நின்றபடி உத்தரவு போட்டாள். புருஷனை, தூசி ஆகாது என்று பின்கட்டு அறையில் உட்கார வைத்திருந்தாள்.

"கொடி வைக்கணும். தண்ணி அதிகம் கேக்கக்கூடாது. ஆடு கடிக்கக்கூடாது. வருஷம் பூரா பூக்கணும்."

"எதுக்கும்மா கொடி? மறைப்புக்கா, அழகுக்கா?" என்று கேட்டான் பெரிய மச்சான்.

"அது உனக்கெதுக்கு? சொன்னதைச் செய்."

என் புருஷனுக்குக் கண் தெரியாது, அவர் வழி கண்டுபிடிக்க வாசனை வேண்டும் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் வீட்டு விஷயத்தைக் கண்டவனிடம் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. பூ என்றால் வாசனை இருக்கும். அதைக்கூடவா சொல்ல வேண்டும்?

அவர்கள் ஒன்பது கன்றுகளை நட்டார்கள். தண்ணீர் அதிகம் கேட்காத, ஆடு வாய் வைக்காத, வருஷம் முழுக்கப் பூக்கிற கொடி. காகிதப்பூ. மழைக்கு அது திமுதிமுவென்று வளர்ந்து, வேலி தாண்டி, குழாயின் மேல் கை போட்டது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் டிரைவர் நாலாவது ஸ்டாப்பில் நின்று, "ஏம்மா சூப்பரண்டு, ரோட்டுல ஆணி கொட்டிக் கெடக்கு" என்றார். அவள் ஓடி வந்து பார்த்தபோது இடது உள்ளங்கை கிழிந்து ரத்தம் முழங்கை வரை வழிந்திருந்தது.

"இந்த உடம்புல கையில காயம் பட்டா லேசுல ஆறாது" என்றார் டாக்டர். "இனிமே அந்தக் கம்பிப் பக்கமே விடாதீங்க."

மறுநாளிலிருந்து டிரைவர் கட்டிலில் படுத்துக்கொண்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று அவள் சொன்னதற்கு, "பிரேக் டவுன் ஆன வண்டியைத்தாம்மா கட்டி இழுப்பாங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள் கேட்டருகே வந்து, இரண்டு தரம் "டிக்கெட்! டிக்கெட்!" என்று கத்திப் பார்த்துவிட்டுப் போயின.

மச்சான்களுக்கு ஆள் அனுப்பினாள். வந்து நின்றவர்களை அன்று முதல் தடவையாக ஜன்னலைவிட்டு வெளியே வந்து, படிமேல் நின்று திட்டினாள்.

"முள்ளுக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாத நீங்கல்லாம் தோட்டக்காரனா? மண்ணாங்கட்டி!"

"முள்ளு இருந்தாத்தானம்மா ஆடு வராது. நீங்கதானே சொன்னீங்க" என்றான் பெரிய மச்சான்.

"பூன்னா வாசனை இருக்கணும்னு உனக்குத் தெரியாது?"

"வாசனை வேணும்னு நீங்க சொல்லலியே."

"சோத்துல உப்புப் போடுன்னு தனியா வேற சொல்லணுமா உனக்கு? தலைக்குள்ள என்ன, நீ அள்ளுற எருவா?"

பெரிய மச்சானின் முகம் சிவந்தது. வேர் பிடித்த கன்றை இப்போது பிடுங்க முடியாது, அடுத்த மழைக்குத்தான் மாற்ற முடியும் என்று என்னவோ சொன்னான். சின்ன மச்சான் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் கண் திறந்திருந்த கதவு வழியே உள்ளே போயிருந்தது. கட்டிலில், கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, டிரைவர், அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். அவர் பார்வை அவனைத் தாண்டி எங்கோ நின்றது.

"என்னடா வெறிக்கிற? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். படியில் அவன் வைத்திருந்த, கிளை வெட்டும் கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டாள். "கொடியை மாத்திட்டு வந்து வாங்கிக்கோ. போ."

அவன் கத்தரியை ஒரு தரம் பார்த்தான். திருப்பிக் கேட்கவில்லை. போய்விட்டான்.

ஒரு வாரம் யாரும் வரவில்லை. "பாத்தீங்களா, ஆளையே காணோம். இவனுங்க புத்தி எனக்குத் தெரியாதா?" என்று புருஷனிடம் சொல்வதில் அவளுக்கு ஒரு கசப்பான திருப்தி கூட இருந்தது. கத்தரி பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, ஒழுகும் குழாயடியில் கிடந்தது. அதை எடுத்து அந்த முட்களைத் தானே வெட்டலாம் என்று அத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அது தோட்டக்காரன் வேலை.

எட்டாம் நாள் காலையில் டிரைவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே, "விடியக்காலையில வேலியில என்னவோ ஒடியற சத்தம் தெனம் கேட்டுது. போய்ப் பாத்தேன். ஆறாவது ஸ்டாப் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன்" என்றார்.

அவள் போட்டது போட்டபடி வந்தாள். அவர் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். பழைய கட்டைத் தவிரப் புதிதாக ஒரு கீறல் இல்லை. வேலிக்கு ஓடினாள். முதல் கம்பத்திலிருந்து ஆறாவது கம்பம் வரை, கை போகும் உயரத்தில், குழாயின் மேல் சாய்ந்த கிளைகளில் ஒரு முள் இல்லை. வெட்டியதாகவும் தெரியவில்லை. ஒவ்வொன்றும் விரலால் பக்கவாட்டில் அழுத்தி ஒடிக்கப்பட்டிருந்தது. நாராகப் பிய்ந்த அடிகளில் சில இன்னும் ஈரமாக இருந்தன. ஓரிடத்தில் இலையின் மேல் ஒரு சொட்டு, காய்ந்து பழுப்பாக.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் ஜன்னலருகே நின்றாள். சந்தில் ஒரு சைக்கிள் வந்து வேலியில் சாய்ந்தது. சின்ன மச்சான். கட்டைவிரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தான். வேலிக்கு மேலாகக் குனிந்து, ஆறாவது கம்பத்துக்கு அப்பால் ஒரு கிளையைப் பிடித்து, முள் முள்ளாக ஒடித்தான். நடுவில் ஒரு தரம் கையை உதறி வாயில் வைத்துக்கொண்டான். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏழாவது கம்பம் வந்ததும் வெளிச்சத்தைப் பார்த்தான். வேறெங்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது போலும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

'வெறும் கையால பிச்சுக்கிட்டு. மடையன். ஒரு கத்தரி இருந்தா அஞ்சு நிமிஷ வேலை' என்று அவள் நினைத்தாள். பழக்க தோஷம். நினைத்து முடித்த பிறகுதான் அந்த நினைப்பு அவளுக்கே கேட்டது.

தொட்டிக்குக் கீழே குனிந்தாள். கத்தரி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பிடியில் வலது பக்கம் மட்டும் பழைய துணி சுற்றி, அதன்மேல் நீல நூல் வரிந்திருந்தது. அந்தத் துணியில் ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம். எத்தனை வருடத்துப் பள்ளமோ. தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை.

அன்று பிற்பகல் முழுவதும் பின்கட்டில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தாள். தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் திறந்து திறந்து மூடினாள். "என்னம்மா அது சத்தம்?" என்று டிரைவர் கேட்டார். "ஒண்ணுமில்ல, பழைய சாமான்" என்றாள். அலகு பளபளத்தது. நூலை மட்டும் தொடவில்லை. ராத்திரிப் பிரார்த்தனையில் வழக்கமாகக் கேட்கும் எதையும் கேட்கத் தோன்றாமல், வெறுமனே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் தெரு விழிப்பதற்கு முன்னால் வேலிக்குப் போனாள். ஏழாவது கம்பத்தில், சந்துப் பக்கமாக, அவன் கைக்கு எட்டும் உயரத்தில், கம்பியை வளைத்துக் கத்தரியைத் தொங்கவிட்டாள். சீட்டு ஏதாவது எழுதி வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முப்பத்துநாலு வருடம் மெமோ எழுதிய கைக்கு அன்று ஒரு வரி வரவில்லை. உள்ளே வந்தவள் சமையலறை ஜன்னலைச் சாத்தி, தாழும் போட்டுக்கொண்டாள். சைக்கிள் வரும் சத்தம் காதில் விழாதபடி தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்து வைத்துப் பாத்திரம் கழுவினாள். நேற்றே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்.

வெயில் ஏறியதும் டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவள் படியில் நின்று பார்த்தாள். கை குழாயின் மேல் மெல்ல ஊர்ந்தது. ஒண்ணு, ரெண்டு என்று உதடு எண்ணியது. ஆறு தாண்டி ஏழில் அவர் நின்றார். விரல்கள் ஒரு கிளையைத் தடவின. அங்கிருந்து அந்தப் பக்கம், கடைசிக் கம்பம் வரை, கிளைகளே குழாய்ப் பக்கம் வராதபடி ஒரே சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன.

"இங்கேருந்து ரோடு நல்லாப் போட்டிருக்கான்" என்றார் டிரைவர், கேட்டைப் பார்த்து நடந்தபடி.

ஏழாவது கம்பத்தில் வளைத்துவிட்ட கம்பி காலியாக, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.