ஃப்ரிட்ஜ் கற்றுக்கொண்ட ரெய்கி

அவளுக்கு ஃப்ரிட்ஜ் என்று பெயர் வைத்ததே நாத்தனார்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், புதுப்பெண்ணாக வீட்டுக்குள் நுழைந்தவளின் கையை ஆசையாகப் பிடித்த நாத்தனார், பிடித்த வேகத்தில் உதறிவிட்டு, "டேய் தம்பி, பொண்ணு பார்த்துக் கட்டிக்கிட்டு வாடான்னா ஃப்ரிட்ஜைக் கட்டிக்கிட்டு வந்திருக்கியே!" என்றாள். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புதுப்பெண்ணும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து யாரைத் தொடுவதானாலும் முதலில் உள்ளங்கையைப் பரபரவென்று தேய்த்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. நாத்தனாரை மட்டும் அப்புறம் தொட்டதே இல்லை.

கை சில்லிட்டுக் கிடந்தால் அவள் என்ன செய்வாள், பாவம்? பிறவியிலேயே அப்படி. போதாக்குறைக்கு வேலையும் கோல்ட் ஸ்டோரேஜில். உறைந்த பட்டாணியை எடை பார்த்துப் பை பையாகக் கட்ட வேண்டும். இரண்டு ஜோடி கையுறை போட்டாலும் ஷிஃப்ட் முடியும்போது விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கும். அப்பேர்ப்பட்டவள் போய், உள்ளங்கையை வைத்தே உடம்புக்குச் சக்தி ஏற்றுவதாகச் சொல்லும் ரெய்கி வகுப்பில் சேர்ந்தாள் என்றால் அந்த வம்பை என்னவென்று சொல்வது?

வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். ஒருவர் படுக்க, இன்னொருவர் கை வைத்துப் பழக வேண்டும். பேக்கரிக்காரர் கைக்குத்தான் ஏகப்பட்ட கிராக்கி. "அப்பப்பா, என்ன சூடு! என்ன சக்தி!" என்று உருகினார்கள். மனுஷன் அடுப்பு முன்னாலிருந்து நேராக வகுப்புக்கு வருகிறார் என்பதை ஒருத்தராவது யோசிக்க வேண்டுமே! நம் ஃப்ரிட்ஜ் கை வைத்தால் மட்டும் படுத்திருப்பவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சூடு வந்தாலும் வரும், வராட்டியும் ஒண்ணும் குறைஞ்சு போகாது" என்றார் பயிற்சியம்மா. அதை அவள் நம்பவில்லை. சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் வகுப்புக்கு வெளியே ஒருவருக்கு ஒரு மணி நேரம் முழுசாக ரெய்கி கொடுக்க வேண்டும். அவர் ஒரு படிவத்தில் பத்துக்கு இத்தனை மார்க் என்று போட்டு, என்ன உணர்ந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புருஷன் முந்திக்கொண்டு படுத்தான். இரண்டாவது நிமிஷமே குறட்டை. எழுந்து பத்துக்குப் பத்து போட்டு, "சூப்பர்" என்று எழுதிக் கொடுத்தான். பயிற்சியம்மா அதைப் பார்த்துவிட்டு, "புருஷன் பொண்டாட்டிக்குப் போடுற மார்க் செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எங்க அக்காவுக்குப் பண்ணிப் பாரேன். மூணு நாளா தலைவலின்னு சுருண்டு கெடக்கு" என்றான் அவன்.

"உங்க அக்காவா? அவங்க யாருக்காவது முழு மார்க் போட்ட சரித்திரம் உண்டா?"

கேள்வி நியாயமானதுதான். நாத்தனார் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும், ஒரு படி விட்டுப்போயிருந்தால் அரை மார்க்கை வெட்டிவிடுவாள். தம்பி பொண்டாட்டியின் சமையலுக்கும் அதே கதிதான். ஆனாலும் நம் ஃப்ரிட்ஜ் ஒத்துக்கொண்டாள். படிவத்துக்காக மட்டும் இல்லை. இந்தக் கை அந்த மனுஷிக்கு ஒரு தடவையாவது இதமாக இருந்துவிட்டால் போதும், அந்தப் பெயர் ஒழிந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை. பன்னிரண்டு வருஷமாக அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினாள். கைப்பையில் படிவம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணியடிக்கிற போன், கை வைக்கும் பன்னிரண்டு இடங்களின் படம். எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுருட்டிய சுடுதண்ணிப் பை. ஆமாம், திருட்டுத்தனம்தான். வகுப்பில் இப்படியொரு பாடமே கிடையாது.

நாத்தனார் வீட்டுப் படுக்கையறையில் திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தது. மேஜை மேல் திருத்தாத விடைத்தாள் கட்டு, அதன் மேல் சிவப்புப் பேனா. நாத்தனார் நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"வாம்மா டாக்டரம்மா" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "ஷாக் கீக் அடிக்குமா? செருப்பைப் போட்டுக்கிட்டுப் படுக்கணுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. கை வைக்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?"

"படுத்தாச்சு, இனிமே என்ன சம்மதம்? ஆரம்பி."

அவள் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். துணியை அவிழ்த்து வைத்தாள். சுடுதண்ணிப் பையைச் சத்தமில்லாமல் மடியில் எடுத்து வைத்து, கை இரண்டையும் நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, நாத்தனாரின் கண்கள் மேல் மெதுவாக வைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தொடல்.

"சூடு தெரியுதா அண்ணி?"

"தெரியுது தெரியுது" என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தப் பல்லை அவள் கவனிக்கவில்லை. சூடு தெரிகிறதாம்! அதுவும் நாத்தனார் வாயால்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மணி அடித்தது. மறுபடி பையில் கையை வைத்து, இந்தத் தடவை நெற்றிப் பொட்டுகளுக்கு. மணி அடித்தது. மறுபடி பை, பிறகு பிடரிக்கு. ஒவ்வொரு தடவையும் நாத்தனாரின் புருவம் சுருங்கிக்கொண்டே போயிற்று. சக்தி உள்ளே இறங்குகிறது என்று இவள் கணக்குப் பண்ணிக்கொண்டாள்.

அவசரத்தில் மூடியைச் சரியாகத் திருகவில்லை. மூன்றாவது மணிக்குப் பையை அழுத்தினாளோ இல்லையோ, தண்ணீர் மடியை நனைத்துக்கொண்டு தரையில் சொட்ட ஆரம்பித்தது.

"அதென்ன சத்தம்?" என்றாள் நாத்தனார்.

"அது... சக்தி அண்ணி."

"சக்தி சொட்டுமா?"

அவள் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளி, மடியைத் துண்டால் ஒற்றி, ஈரக்கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நிமிஷத்தில் கை அதன் பழைய குணத்துக்குப் போய்விட்டது. முன்னைவிட மோசமாக. போச்சு, எல்லாம் போச்சு. நடுவில் விட்டுவிட்டு எழுந்திருக்கவும் முடியாது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அந்தச் சில்லிட்ட கையை அப்படியே நாத்தனாரின் நெற்றியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

உதறலும் இல்லை, கிண்டலும் இல்லை. நாத்தனார் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா!" என்றாள். "எடுத்துடாதே."

"அண்ணி?"

"அப்படியே வை. கொஞ்சம் கீழ, கண்ணு மேல. ஆமா, அங்கதான்."

அடுத்த மணி அடித்தது. தொண்டைக்குப் போக வேண்டும். அவள் ஒரு கையால் போனை அணைத்துவிட்டு, அந்தக் கையையும் திரும்ப நெற்றிக்கே கொண்டுவந்தாள். படத்தில் பாக்கி இருந்த எட்டு இடமும் படத்திலேயே இருந்தன. தோள் கடுத்தது, நனைந்த துணி தொடையில் ஒட்டியது. கையை எடுக்கவில்லை. நாத்தனாரின் புருவம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. உதடு லேசாகப் பிளந்து, தம்பியினுடையதைப் போலவே ஒரு குறட்டை புறப்பட்டது. மூன்று நாளாகத் தூங்காதவள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படிவம் என்று ஒன்று இருப்பதே இவளுக்கு மறந்துபோய்விட்டது.

நாத்தனார் விழித்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எழுந்து உட்கார்ந்து, தரையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இதான் உன் சக்தியா?"

"மன்னிச்சிடுங்க அண்ணி. என் கை சில்லுன்னு இருந்தா உங்களுக்குப் பிடிக்காதேன்னுதான்..."

"யாரு சொன்னா பிடிக்காதுன்னு?"

அவள் நாத்தனாரையே பார்த்தாள். சொன்னது யார் என்பது கொஞ்ச நேரத்தில் நாத்தனாருக்கே ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "படிவத்தை எடு" என்றாள்.

சிவப்புப் பேனாவால் எழுதினாள். 'முதலில் கை கொதித்தது, தலைவலி கூடியது. தம்பி கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் பொறுத்துக்கொண்டேன். பிறகு கை குளிர்ந்தது. தலைவலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தூங்கினேன்.' மார்க், பத்துக்கு ஒன்பதரை.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த அரை எதுக்கு அண்ணி வெட்டினீங்க?"

"சுடுதண்ணிப் பைக்கு." நாத்தனார் பேனாவை மூடினாள். இவள் வழக்கம்போல உள்ளங்கையைத் தேய்க்கத் தொடங்கியதும், சட்டென்று அதைப் பிடித்து நிறுத்தினாள். "தேய்க்காதே. போதும். ஏதோ சிரிக்கிறதுக்குச் சொன்னேன்டி அன்னைக்கு. அதைப் போய் இத்தனை வருஷமா கையில வச்சுக்கிட்டிருந்தியா?"

பிடித்த கையை இந்தத் தடவை உதறவில்லை. இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, மறுபடி தலையணையில் சாய்ந்தாள்.

"வீட்டுக்கு அப்புறம் போகலாம்" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இரு."