மூடியின் மேல் அரக்கு

தரையில் கட்டிப்போட்டு ஓட்டினால் ஒரு மணி நேரம் சளைக்காமல் ஓடும் என்ஜின், வானத்தில் கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. இறங்கியதும் மறுபடி ஓடுகிறது. மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. லெப்டினன்ட் தெ ப்ரெசாக் மூன்று முறையும் சறுக்கிக்கொண்டே வந்து ஏதோ ஒரு வயலில் இறக்கினார். கடைசியாக இறங்கிய வயலிலிருந்து ஜெர்மானியர்களின் பதுங்குகுழி இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

அந்த விமானத்தின் மெக்கானிக் நான். பெயர் ஸ்டோஃபெல், ஊர் முல்ஹவுஸ். 1915 வசந்தத்தில் எங்கள் ஸ்குவாட்ரனுக்கு என்னைச் சந்தேகிக்க என் ஊர்ப்பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. நாற்பத்து நான்கு வருடமாக ஜெர்மானியர்கள் கையில் இருக்கும் ஊர். நான் எல்லை தாண்டி ஓடிவந்து பிரெஞ்சுச் சீருடை போட்டவன். ஆனாலும் புரொப்பெல்லரைச் சுற்றும்போது என் வாய் ஜெர்மனில்தான் எண்ணும்.

"என்னடா, உங்க ராஜா கைசருக்கு லெட்டர் போட்டாச்சா?" என்பான் பக்கத்து விமானத்து மெக்கானிக் கர்னியே. முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்பான். இப்போது சிரிப்பு இல்லை.

கேப்டன் கூப்பிட்டனுப்பினார். "நாளைக்கு மத்தியானம் லெப்டினன்ட் திரும்பப் பறக்கிறார். இன்னொரு தடவ நின்னுச்சுன்னா உன்னை ராணுவப் போலீஸ்கிட்ட ஒப்படைச்சுடுவேன். அப்புறம் அவங்க பாடு, உன் பாடு."

அவர்கள் பாடு என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள்.

என்ஜினை முழுதாகப் பிரித்தேன். உராய்வுக்கு விளக்கெண்ணெய் போகும் குழாய்கள், தீப்பொறி தரும் காந்தம், பெட்ரோல் வடிகட்டி எல்லாம் சுத்தம். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. கர்னியே என் கருவிப் பெட்டிப் பக்கம் ஏன் வந்தான்? சமையல்காரன் ஏன் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான்? இரவு விமானத்தின் அடியிலேயே படுத்தேன். யாரும் வரவில்லை.

மறுநாள் சோதித்து முடித்து, பெட்ரோல் தொட்டியை நிரப்பி, மூடியை இறுகத் திருகினேன். கிளம்பும் முன் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விமானி ஒரு நிமிடம் தன் விமானத்தோடு தனியாக இருப்பார். ஜெபம் செய்வார்கள், பதக்கத்தை முத்தமிடுவார்கள், அழுகிறவர்களும் உண்டு. மெக்கானிக் இருபதடி விலகி, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நானும் முதுகைக் காட்டினேன். ஆனால் அன்று ஐந்தடி தள்ளித்தான் நின்றேன். அதனால்தான் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

பெட்ரோல் தொட்டிக்கு மேல் தீக்குச்சி! திரும்பிவிட்டேன்.

லெப்டினன்ட் ஏணியில் நின்று சிவப்பு அரக்கை உருக்கி, மூடியும் தொட்டியும் சேரும் ஓரத்தில் சொட்டவிட்டு, தன் முத்திரை மோதிரத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

"திரும்பி நில்லு!"

"சார், இது என்ன?"

அவர் முகம் சிவந்தது. "போன மாசம் பெட்ரோல்ல தண்ணி இருந்துச்சுல்ல? அன்னிலேருந்து வைக்கிறேன். யாராவது மூடியத் திறந்தா முத்திரை உடையும்ல."

"யாராவதுன்னா நான்தானே சார்?"

அவர் குனிந்து அரக்கை ஊதினார்.

"உடைஞ்சுதா?"

"இல்ல. மூணு தடவையும் அப்படியேதான் இருந்துச்சு. இறங்கினதும் நானே உடைச்சு உள்ள பார்த்தேன். பெட்ரோல் நிறைய இருந்துச்சு."

"திறக்கும்போது உஸ்ஸுனு சத்தம் வந்துச்சா சார்?"

அவர் கண்கள் சுருங்கின. "உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியில் துப்பாக்கி இருந்தது. நான் மெதுவாகச் சொன்னேன். "உங்க வீட்ல திராட்சைத் தோட்டம் இருக்குன்னு சொல்வீங்களே. ஒயின் பீப்பாய் மேல அடைச்சிருக்கிற முளையைப் பிடுங்காம கீழ குழாயைத் திறந்தா என்ன ஆகும்?"

"கொஞ்சம் வரும். அப்புறம் நின்னு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். மோதிர விரலால் மூடியின் ஓரத்தைத் தடவினார்.

அரக்கை நகத்தால் பெயர்த்தேன். அடியில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை. பெட்ரோல் இறங்க இறங்க, காலியாகும் இடத்தை நிரப்பக் காற்று அது வழியாகத்தான் உள்ளே வரும். ஏணியிலிருந்து கை எட்டுவதும் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு முறையும் அங்கேயே முத்திரை வைத்திருக்கிறார். நான் தரையில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் அரக்கு இல்லை.

"சரி, கிளம்பலாம்" என்றேன்.

அவர் ஏறவில்லை. கையில் மீதி அரக்கு இருந்தது. என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். முத்திரை இல்லாமல் ஏறமாட்டார் என்று புரிந்துகொண்டேன். அரக்கை வாங்கி, ஐம்பதடி தள்ளிப் போய் ஒரு கரண்டியில் உருக்கி எடுத்து வந்தேன். ஏணியை மறுபக்கம் மாற்றிப் போட்டு, எங்கே ஊற்ற வேண்டும் என்று விரலால் காட்டினேன். ஊற்றினார். மோதிரத்தை அழுத்தினார்.

ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் திடலில் வந்து இறங்கினார். முதல் வேலையாகக் குனிந்து முத்திரையைப் பார்த்தார்.

அதற்குப் பின் தினமும் அப்படித்தான். அரக்கை நான் உருக்குகிறேன், முத்திரையை அவர் வைக்கிறார்: மூடியின் ஓரத்தில், துளைக்கு நேர் எதிரே. துளை திறந்திருக்கிறது.