இன்னும் இறுகாத சுவர்

தேனி கடைவீதியில் தங்கபாண்டியின் ஏலக்காய் மண்டிக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. மண்டிக்கும் அந்த அறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்துவிடுவதென்று 1944 மாசியில் அவர் முடிவு செய்தார். போடி மலையிலிருந்து இறங்கும் மூட்டைகளை அடுக்க இடம் போதவில்லை. அறையில் இருந்தது அவருடைய தம்பி மனைவி சுகிர்தம் மட்டும்தான்.

"ஒனக்கு மாடி அறைய ஒழிச்சுத் தாரேம்மா. அங்கன காத்து நல்லா வரும்."

"எந்த அறையா இருந்தா என்ன அத்தான். இந்தச் சுவத்த மட்டும் விட்டுருங்க."

"சுவத்த விட்டுட்டு மூட்டைய எங்கிட்டு அடுக்க? ஏந்தலையிலயா?"

காரணத்தைச் சொன்னால் அவர் சிரித்துவிடுவார். அந்தச் சுவருக்குள் சுகிர்தத்தின் கணவன் ஏசுதாசனின் மூச்சு இருந்தது.

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் சுண்ணாம்பின் சுபாவம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கும் கரியமில வாயு போய்விடும். நூறு ராத்தல் கல்லில் நாற்பத்து நான்கு ராத்தல் அப்படியே காற்றில் கலந்துவிடும். மிஞ்சிய கட்டியில் தண்ணீர் ஊற்றினால் அது தானே கொதித்து, வெடித்து, மாவாகும். அந்த மாவை மணலோடு அரைத்துச் சுவரில் பூசியபின், அது இழந்த வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகும். மனிதர் வெளியே விடும் மூச்சில் அதே வாயு இருக்கிறது.

ஏசுதாசன் மதுரையில் இன்டர்மீடியட் படித்தவன். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்புதான் அந்த அறைக்குப் பூச்சு முடிந்திருந்தது. பச்சைச் சுண்ணாம்பின் நெடியில் புதுப்பெண் மூக்கைப் பொத்திக்கொண்டபோது இதையெல்லாம் அவன் சொன்னான்.

"ஊர்க்காத்து பூராவுந்தான் இதுக்குள்ள போகும்," என்று அவள் மடக்கினாள். "தெருவுல போற மாட்டு மூச்சும் சேந்துதான்."

"கதவச் சாத்திட்டா?" என்றான் அவன். "அப்பறம் நம்ம மூச்சுதான அதிகம்?"

அவள் அம்மியிலிருந்து மஞ்சள் விழுதைக் கொண்டு வந்தது அன்றைக்குத்தான். பச்சைச் சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் இரத்தச் சிவப்பாகும். கல்லாகிவிட்ட சுண்ணாம்பில் மஞ்சளாகவே நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை, கட்டில் ஓரமாக, ஒரு விரல் அகலம் தடவிப் பார்த்தார்கள். முதலில் குங்குமச் சிவப்பு. அப்புறம் செங்கல் நிறம். ஏழாம் மாதம் மங்கலான ஒரு காவி. அந்த மாதம் அவன் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணி வேலைக்குக் கப்பலேறினான்.

கடைசியாக வந்த கடிதத்தின் அடியில் கேட்டிருந்தான்: 'மஞ்சள் இன்னும் சிவக்கிறதா?' அவள் தடவிப் பார்த்தாள். பளிச்சென்ற மஞ்சள். 'இல்லை, கல்லாகிவிட்டது' என்று எழுதிப் போட்டாள். பிறகு மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. அந்தக் கடிதம் சேர்ந்ததா, சேர வேண்டியவன் இருக்கிறானா, இரண்டும் தெரியாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

சனிக்கிழமை காலை கொத்தனார் சுருளியாண்டி கடப்பாரையோடு வந்தார். அந்தச் சுவரைக் கட்டியவரும் அவர்தான்.

"ஏங்கையாலயே கட்டி, ஏங்கையாலயே இடிக்க வச்சுட்டாக பாருங்க தாயி ஒங்க அத்தான்."

"உடைங்கண்ணே," என்றாள் சுகிர்தம். இரவெல்லாம் யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அதுவும் ஏசுதாசன் சொன்னதுதான்: சுட்டால் கல் வேறொன்றாகும், உடைத்தால் சின்னதாகும், அவ்வளவே. சுவர் போனாலும் துண்டு அதே துண்டுதான். "எனக்கு ஒரு சில்லு மட்டும் கனமாப் பேத்துக் குடுங்க. கட்டில் கெடந்த பக்கத்துல."

கடப்பாரை விழுந்தது. பூச்சும் அதன் பின்னாலிருந்த காரையும் சேர்ந்து, நாலு விரல் கனத்தில் ஒரு பாளம் பெயர்ந்து வந்தது. அவள் அதை மடியில் வாங்கிக்கொண்டாள். பழைய ஞாபகத்தில் மஞ்சளைக் கரைத்து, உடைந்த விளிம்பில் தடவினாள்.

மேலே ஒரு விரல் அகலம் மஞ்சளாகவே நின்றது. அதற்குக் கீழே பூராவும் சிவந்தது. முதல் வாரத்துக் குங்குமச் சிவப்பு.

"அண்ணே, இது ஏன்?"

சுருளியாண்டி குனிந்து பார்த்தார். "மேலதான தாயி காத்துப் படும்? உள்ள இன்னும் பச்சைதான். இது இறுக இன்னும் அஞ்சாறு வருசமாவது இழுக்கும்."

"நான் தப்பா எழுதிட்டேன்," என்றாள் சுகிர்தம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சத்தம் கேட்டு உள்ளே வந்த தங்கபாண்டி, தம்பி மனைவியின் மடியில் சிவந்த காரைக்கட்டியைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னம்மா, கையில பட்டுருச்சா?"

"மஞ்சள் அத்தான்." அவள் நிமிர்ந்தாள். "காத்துப் போகாத டின்னு ஒண்ணு வேணும். ஏலக்காய் வைக்கீகளே, அது மாதிரி."

"காரைக்கட்டிக்கா?"

"இதுக்குள்ள அவுக மூச்சு கொஞ்சந்தான் ஏறியிருக்கு. மிச்ச எடம் அப்படியே கெடக்கு. வெளிய வச்சா வாரவுக போறவுக மூச்செல்லாம் ஏறி அடைச்சுப்புடும். அவுக வந்து இறுக்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. பிறகு மண்டிக்குப் போய், தானே ஒரு டின்னையும், மூடியின் விளிம்பில் உருக்கி ஊற்ற ஒரு மெழுகுவர்த்தியையும் எடுத்து வந்தார்.

சுகிர்தம் பாளத்தைத் துணியில் சுற்றி உள்ளே இறக்கினாள். முகத்தை அப்பால் திருப்பி, தன் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, மூடியை அழுத்தினாள். தங்கபாண்டி ஊற்றிய மெழுகு சுற்றிலும் இறுகும்வரை அவள் மூச்சு விடவில்லை.